தொட்டுத் தொட்டுப் பார்த்தால் காயாது!

(கைவேலை: வாசகர் கேள்வி – பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புலம்பல் கடிதங்கள்தான். ஒட்டவில்லை, உரிந்துவிட்டது, கோணிக்கொண்டது, பூஞ்சணம் பிடித்தது. படித்துக்கொண்டே வரும்போது பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம் என்று தோன்றியது: காயவிடவில்லை. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாட்டி செய்ததுபோல பழைய பேப்பரையும் வெந்தயத்தையும் அரைத்துக் கூடை செய்தேன். குடத்தின் மேல் அப்பி நான்கு நாள் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் வெளியே விரிசல், உள்ளே பச்சையாகப் பூஞ்சணம். வெந்தயம் போட்டால் ஒன்றும் அண்டாது என்பார்களே?
– வாசகி, விருதுநகர்

வெந்தயம் கசப்பு, அதனால் பூச்சி அண்டாது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். ஆனால் பூஞ்சணத்துக்குக் கசப்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, ஈரம் இருந்தால் போதும், குடித்தனம் வந்துவிடும். கூழில் வெந்தயத்துக்கு உண்மையான வேலை பசை வேலைதான். ஊறிய வெந்தயம் அரைபடும்போது வழவழவென்று நுரைத்து வருமே, அந்த வழவழப்புதான் காகித நாரை எல்லாம் சேர்த்துப் பிடிக்கிறது.

உங்கள் தப்பு கூழில் இல்லை, குடத்தில். பிளாஸ்டிக் குடத்தின் மேல் அப்பினால் வெளிப்பக்கம்தான் காற்று படும், உள்பக்கம் குடத்தோடு ஒட்டிக்கொண்டு வியர்த்துக்கொண்டே இருக்கும். அதோடு கூழ் காயக் காயச் சுருங்கும், உள்ளே இருக்கிற குடம் சுருங்காது. அப்புறம் விரிசல் விடாமல் என்ன செய்யும்? அதனால் முழுசாகக் காய விடாதீர்கள். இரண்டாம் நாள், மேலே தட்டினால் தோல்போல இறுகி, அழுத்தினால் லேசாக அமுங்குகிற பதம் ஒன்று வரும். அப்போது குடத்தை மெதுவாகத் திருகி உருவிவிட்டு, கூடையை மல்லாக்க வைத்து உள்பக்கம் வெயில் பட விட வேண்டும். குடத்தின் மேல் முதலிலேயே ஒரு நனைந்த பழைய வேட்டித்துணியைப் போர்த்திவிட்டு அதன்மேல் அப்பினால் உருவுவது சுலபம்.

மற்றபடி என் கணக்கு இது: ஒரு கிலோ பேப்பருக்கு 100 கிராம் வெந்தயம். பேப்பரைக் கத்தரிக்காதீர்கள், கிழியுங்கள். கிழித்த ஓரத்தில்தான் நார் பிரிந்து நிற்கும், அதுதான் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இரண்டு ராத்திரி ஊறட்டும், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். வெந்தயத்தை முதலில் அரைத்துவிட்டு அப்புறம் பேப்பர். மிக்ஸியில் அரைப்பதாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் தாராளமாக விட்டு அரைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். கெட்டியாகப் போட்டால் மோட்டார் புகையும். எங்கள் ஆச்சி ஆட்டுக்கல்லில் ஆட்டுவார், நான் எதிரே உட்கார்ந்து தள்ளிவிட வேண்டும். குழவி சுற்றும்போது கூழ் ‘சளப் சளப்’ என்று சத்தம் போடும், அந்தச் சத்தம் மாறி ‘மொழுக்’ என்று ஆனதும் நிறுத்தச் சொல்வார். கூழை எடுத்து உள்ளங்கையில் தட்டி, விரலைப் பிரித்தால் கோடு கோடாகப் பதிந்து நிற்க வேண்டும், வழியக் கூடாது. அந்தக் கூடையில்தான் வருஷம் முழுக்க வற்றலும் வடகமும் கிடந்தன.

கனம் அரை விரல் போதும். இன்னொன்று, கடிதத்தின் தேதியைப் பார்த்தால் ஐப்பசியில் செய்திருக்கிறீர்கள். இது மாசி, பங்குனி வேலை அம்மா. பூஞ்சணம் பிடித்த கூடையை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து (மூக்கில் துணி கட்டிக்கொண்டு), வினிகர் தொட்ட துணியால் துடைத்து, வெயில் கிடைக்கும்போது மூன்று நாள் போடுங்கள். தின்பண்டம் வைக்க வேண்டாம், நூல்கண்டும் பித்தானும் போட்டு வைக்கலாம்.

மகளுக்கு வளையல் அளவு 2.4. அதே அளவில் பழைய பிளாஸ்டிக் வளையல் எடுத்துப் பட்டுநூல் சுற்றினேன். அழகாக வந்தது, ஆனால் கையில் ஏறவில்லை. நூல் சுற்றியதால் இவ்வளவு குறையுமா?
– வாசகி, தாராபுரம்

குறையும். நூலும் அதற்கடியில் இருக்கிற பசையும் சேர்ந்து உள்வட்டத்தில் இரண்டு பக்கமும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு அளவு பெரிதாக எடுக்க வேண்டும், 2.4 கைக்கு 2.6.

பலபேர் இதை இரண்டு புள்ளி நாலு என்று தசமக் கணக்காக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 2.4 என்றால் இரண்டு அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் நாலு பங்கும். அதாவது உள்விட்டம் இரண்டேகால் அங்குலம். 2.6 என்றால் இரண்டேகாலே அரைக்கால் (அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு). 2.8 இரண்டரை. அடுத்தடுத்த அளவுக்கு நடுவே அரைக்கால் அங்குலம்தான் வித்தியாசம், நூல் அதில் பாதியைத் தின்றாலே கை ஏறாது. சின்ன ஸ்கேலை எடுத்து வளையலின் உள்ளே குறுக்கே வைத்துப் பாருங்கள், சரியாக வரும்.

சுற்றும்போது இருபது இருபத்தைந்து இழையைச் சேர்த்து, முறுக்கிக்கொள்ளாமல் பட்டையாக விரித்துச் சுற்றினால்தான் பளபளப்பு. பசையை நூலில் தடவாதீர்கள், வளையலில் ஒரு அங்குலத்துக்குத் தடவி, அந்த இடத்தைச் சுற்றி முடித்துவிட்டு அடுத்த அங்குலம். கல் ஒட்டுவது மறுநாள்.

பிள்ளையார் சதுர்த்திக்குத் தெர்மாகோலில் மண்டபம் செய்து, தங்கக் கலர் ஸ்பிரே அடித்தேன். அடித்த இடமெல்லாம் புழு அரித்த மாதிரி உருகிப் போய்விட்டது. மட்டமான தெர்மாகோலா?
– வாசகர், சேலம்

சிரிக்கிறேன் என்று கோபிக்காதீர்கள், இதே கதை எனக்கும் நடந்தது, கொலுவுக்கு முதல்நாள் ராத்திரி. ஒரு வாரம் பிளேடு வைத்துச் செதுக்கிய கோபுரம். ஸ்பிரே அடித்துவிட்டுக் காபி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் மூன்றாம் நிலை முதல் நிலைக்குள் உட்கார்ந்திருந்தது. தெர்மாகோல் மேல் குற்றமில்லை. அது காற்றை ஊதி நிரப்பிய பாலிஸ்டைரீன், ஸ்பிரே பெயின்டிலும் ரப்பர் பசையிலும் இருக்கிற கரைப்பான் பட்டால் கரைந்துவிடும். தண்ணீரில் கரைக்கிற பெயின்ட், வெள்ளைப் பசை என்றால் ஒன்றும் ஆகாது.

ஆனால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்பாட்டு பிளாஸ்டிக் பட்டியலில் இருக்கிறது. காது குடையும் பட்ஸின் பிளாஸ்டிக் குச்சி, பலூன் குச்சி, பிளாஸ்டிக் கொடி எல்லாம் அதே பட்டியல்தான். கடையில் இன்னும் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, அது வேறு கதை.

அட்டைப்பெட்டி எடுங்கள். ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வாங்கிய வீடு தெருவில் ஒன்றாவது இருக்கும். அட்டையின் நடுவே வரிவரியாக ஓடுகிறதே, தூணுக்கு அந்த வரி நிமிர்ந்து நிற்கிற மாதிரி வெட்ட வேண்டும், படுக்கை வசத்தில் வெட்டினால் பாரம் தாங்காமல் மடியும். வளைவு வேண்டுமானால் வரியோடு வளைக்கலாம், குறுக்கே வளைத்தால் முறியும். அதன்மேல் நியூஸ் பேப்பரை மைதா பசையில் இரண்டு அடுக்கு ஒட்டி, காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்தால் பார்க்கிறவர்கள் மரம் என்றே நினைப்பார்கள். பெரிய மண்டபம் என்றால் இருக்கவே இருக்கிறது வாழைக்கன்று, கரும்பு, மாவிலை. ஒரு நாள் அலங்காரம்தானே?

அபார்ட்மென்ட் வாசலில் டைல்ஸ். மாக்கோலம் போட்டால் திட்டுத் திட்டாகப் பிரிகிறது. பெயின்டில் போட்டுவிடலாமா?
– வாசகி, கோவை

பளபள டைல்ஸில் மாவு பிடிக்காது. துடைக்கும்போது விடுகிற வாசனைத் திரவமும் எண்ணெய்ப்பசைபோல ஒரு படலம் விட்டிருக்கும், வெறும் தண்ணீரில் இரண்டுமுறை துடைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். பச்சரிசி இரண்டு மணி நேரம் ஊறி, விரலுக்கு நெருடாமல் அரைந்திருக்க வேண்டும். பழைய பருத்தித்துணியை மாவில் நனைத்து உள்ளங்கையில் வைத்து, மோதிர விரல் வழியாக இறங்க விடுங்கள். போடும்போது மங்கலாகத்தான் தெரியும், வெள்ளை காய்ந்த பிறகுதான் வரும். மங்கலாக இருக்கிறதே என்று மேலே மேலே இழைத்தால்தான் திட்டாகிறது.

அப்படியும் வராவிட்டால் ஒரு மரப்பலகையில் போட்டு, ஓரத்தில் காவி பூசி வாசலில் வையுங்கள். பெயின்ட் வேண்டாம். தினமும் ஒரே கோலத்தைப் பார்க்க உங்களுக்கே அலுக்கும்.

கிறிஸ்துமஸுக்குக் கடை நட்சத்திரம் வேண்டாம், அப்பா காலத்து மூங்கில் நட்சத்திரம் செய்ய ஆசை. தட்டையாக இல்லாமல் நடுவில் உப்பலாக வருமே, அது எப்படி?
– வாசகர், நாகர்கோவில்

உங்கள் ஊரில் இருந்து இந்தக் கேள்வி வந்ததில் சந்தோஷம். பத்துச் சிம்பும் (மெல்லிய மூங்கில் பட்டை) ஐந்து கட்டையும்தான் இதன் ரகசியம்.

மூங்கிலைப் பிளந்து, சுண்டுவிரல் அகலத்தில் ஒரே நீளமாகப் பத்துச் சிம்பு சீவிக்கொள்ளுங்கள், இரண்டடி நீளம் வீட்டுக்கு அளவானது. சிராய் ஏறாமல் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஐந்து சிம்பை முனையோடு முனை கட்டி, ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கிட்டால் ஒரு தட்டை நட்சத்திரம். அதேபோல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது நடுவில் சிம்புகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்கள் இருக்கும், உள்ளே ஒரு ஐங்கோணம் தெரியும். அந்த ஐந்து மூலையிலும், முன் நட்சத்திரத்துக்கும் பின் நட்சத்திரத்துக்கும் நடுவே நாலங்குலக் கட்டையை முட்டுக்கொடுங்கள். முதல் கட்டையை நுழைக்கும்போது ஒன்றும் தெரியாது. மூன்றாவது போனதும் சட்டம் விறைத்துக்கொண்டு எழும், ஐந்தாவதுக்கு ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த இழுப்புதான் உப்பல்.

கட்டுவதற்கு நூலை விட சைக்கிள் டியூபை மெலிதாக வெட்டிய ரப்பர் நல்லது, நழுவாது. வண்ணக் காகிதத்தை ஒரு முகமாக விட்டு ஒட்டிக் காயவிட்டு, அப்புறம் பக்கத்து முகம். ஈரக் காகிதம் தொளதொளவென்று தெரிந்தாலும் இழுக்காதீர்கள், காய்ந்தால் தானே விறைக்கும், இழுத்தால் கிழியும். பின்பக்கம் ஒரு முகத்தை மட்டும் கதவுபோல ஒட்டாமல் விட்டால் பல்பு மாற்றலாம். குண்டு பல்பு கூடவே கூடாது, சூட்டில் காகிதம் பற்றிக்கொள்ளும், எல்.இ.டி. போடுங்கள்.

பைண்டிங் கடைக்காரர்கள் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். சின்னப் பிள்ளைகள் கூட உட்கார்ந்து ஒட்டுகிற வீட்டில் வெறும் மைதா பசை போதும், இருபது நாள் தொங்கப்போகிற நட்சத்திரத்துக்குப் பூச்சி என்ன செய்துவிடப் போகிறது.

என் வயர் கூடை ஒரு பக்கமாகவே சாய்கிறது. மூன்றாவது கூடையும் அப்படித்தான். பிரித்துவிடலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பிரிக்காதீர்கள். நீங்கள் ரன்னிங் வயரை (சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே போகிற நீள வயர்) ஒரே பக்கமாக வெடுக்கென்று இழுத்து இறுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஒவ்வொரு முடிச்சும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் திரும்பி, பத்துச் சுற்றில் கூடையே திரும்பிவிடும். முடிச்சை நாலு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். இருக்கிற கூடைக்குள் இறுக்கமாகப் பழைய புத்தகம் அடுக்கி, மத்தியான வெயிலில் மொட்டைமாடியில் வையுங்கள், வயர் இளகியதும் கையால் நிமிர்த்தி, நிழலில் ஆறவிட்டுப் புத்தகத்தை எடுங்கள். முழுசாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி நிமிரும். சாதா முடிச்சு கைக்கு வரும் வரைக்கும் சிவன் கண் என்கிற பின்னல் பக்கம் போக வேண்டாம்.

ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு, “அப்பா, நாளைக்கு கிராஃப்ட் கொண்டு போகணும்” என்கிறாள் இரண்டாம் வகுப்பு மகள். மனைவி ஊரில் இல்லை. கடை மூடிவிட்டது. இந்த மாதிரி நேரத்துக்கு ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகர், தாம்பரம்

இதற்குக் காயவைக்கிற கதையெல்லாம் ஆகாது சார். ஃபிரிட்ஜைத் திறந்து வெண்டைக்காய் இருக்கிறதா பாருங்கள். காம்புக்கு ஒரு அங்குலம் கீழே நேராக வெட்டினால் வெட்டிய முகத்தில் அச்சாக ஐந்திதழ்ப் பூ. அந்த முகத்தைத் துணியில் ஒற்றிக் கொழகொழப்பை எடுத்துவிட்டு, தட்டில் மெலிதாகப் பரப்பிய வாட்டர் கலரில் தொட்டு, வெள்ளைத் தாளில் பதியச் சொல்லுங்கள். காம்புதான் கைப்பிடி. பென்சில் முனையால் காம்பும், பெருவிரல் ரேகையால் இலையும் வைத்தால் ஒரு பூந்தோட்டமே ஆயிற்று, தாளை அட்டையில் ஒட்டினால் வாழ்த்து அட்டை. முக்கால் மணி நேரம். நீங்கள் கை வைக்காதீர்கள், அவளே பதியட்டும், டீச்சருக்கு அப்பாவின் கை தெரியாமல் போகாது.

வெட்டிய மிச்ச வெண்டைக்காயை மறுநாள் குழம்பில் போட்டுக்கொள்ளலாம். கலர் தொட்டதை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.