மண்ணைத் தொட மறுக்கும் குழந்தைக்குத் தோட்டம் சிகிச்சையாகுமா?

கேள்வி: எங்கள் 5 வயது மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு வாரம் இருமுறை அழைத்துச் செல்கிறோம். கொல்லையில் தோட்ட வேலை பழக்கினாலே போதும் என்கிறார்கள் உறவினர்கள். ஆனால் ஈர மண் கையில் பட்டாலே அலறுகிறான். என்ன செய்யலாம்?

பதில்: தெரபியை நிறுத்த வேண்டாம். தோட்ட வேலை போன்ற இயற்கைவழிப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் குறைந்த எண்ணிக்கையிலான குழந்தைகளிடம் நடந்தவை. வழக்கமான சிகிச்சைக்கு அவை மாற்று என்று சொல்ல இன்று ஆதாரம் போதாது. ஆனால், தெரபியில் பழகுவதை அன்றாடம் செய்து பார்க்கக் கொல்லை மிக நல்ல இடம்.

மண் பட்டதும் அலறுவதைப் பிடிவாதம் என்று கொள்ளாதீர்கள். தொடுகையை அவன் மிகையாக உணர்வதால் அப்படி நேரலாம். தொடுகை, அசைவு போன்ற உணர்வுகளை மூளை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்று விளக்கும் புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை உருவாக்கிய அமெரிக்கத் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ், குழந்தை தானே விரும்பி ஈடுபடுவதை அதன் அடிப்படையாகக் கொண்டார். ஆகவே, "பழகிவிடும்" என்று கையைப் பிடித்துச் சேற்றில் வைப்பது, அச்சத்தைக் கூட்டுவதோடு தோட்டத்தையே அவன் வெறுக்கும்படி செய்துவிடும்.

மண்ணிலிருந்து தொடங்காமல் பளுவிலிருந்து தொடங்குங்கள். பாதி நிரம்பிய பூவாளியைச் சுமப்பது, தேங்காய் மட்டைகளை இழுத்துப் போடுவது போன்ற வேலைகள் தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் அழுத்தம் தருவதால் பல குழந்தைகள் அமைதியடைகின்றனர். அதன்பின் கரண்டியால் உலர்மணலை அள்ளட்டும். நினைத்தவுடன் கை கழுவிக்கொள்ள வாளித் தண்ணீரும் துண்டும் அருகிலேயே இருக்கட்டும். ஈர மண்ணுக்கு எப்போது வருவது என்பதை அவனே முடிவு செய்யட்டும். விதைகளில் முதலில் மொச்சை, விரல்பிடி தேறியபின் வெந்தயம். வெந்தயம் இரண்டு மூன்று நாளில் முளைவிடும் என்பதால், செய்த வேலையின் பலனை அவன் விரைவில் காண்பான். மாங்கன்று நட்டுக் காத்திருக்கும் பொறுமையைப் பெரியவர்களிடமே எதிர்பார்க்க முடிவதில்லை! பத்து நிமிடம் போதும். வேலையின் வரிசையைப் படங்களாக வரைந்து காட்டினால் அடுத்தது என்ன என்ற பதற்றம் குறையும்.

கொல்லையில் அரளி, ஆமணக்கு, குன்றிமணி இருந்தால் அகற்றிவிடுங்கள், மூன்றும் நஞ்சு. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் சொல்லாமல் தண்ணீரை நாடிச் செல்வதால் கிணற்றையும் தொட்டியையும் மூடி வையுங்கள்; விதையோடு அவனைத் தனியே விடாதீர்கள். மண்ணைத் தின்னும் பழக்கம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சட்டையின் பின்கழுத்துத் துணிப்பட்டை, குழைந்த சோறு, நகம் வெட்டுவது ஆகியவற்றுக்கும் இதே அலறல் எழுகிறதா என்று கவனித்துத் தெரபிஸ்டிடம் தெரிவியுங்கள். பயிற்சியின் படிகளை அவர் அதற்கேற்ப மாற்றித் தருவார்.