கேளுங்கள், சொல்கிறேன்: ஷிஃப்ட் வேலையும் கேட் தேர்வும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'பெயர் போட வேண்டாம்' என்ற குறிப்போடு வந்திருக்கின்றன. புரிகிறது. உங்கள் மேனேஜரும் இந்தப் பத்திரிகையைப் படிப்பவராக இருக்கலாம். எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையில், சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு மிஷின்) பிரிவில் இருக்கிறேன். வாராவாரம் ஷிஃப்ட் மாறும். பிப்ரவரியில் கேட் என்ற முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வை எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர ஆசை. ரூமுக்குத் திரும்பிப் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது. கோச்சிங்கில் சேர்ந்த நண்பர்கள் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் படிக்கிறார்கள். நான் எப்படி அவர்களோடு போட்டி போடுவது?
— வாசகர், படப்பை

பதில்: நேரக் கணக்கில் போட்டி போடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். அவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: மிஷின்.

நான் கல்லூரியில் பாடம் நடத்த வருவதற்கு முன்பு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வெட்டு வேகத்தையும் டூலின் (வெட்டும் கருவியின்) ஆயுளையும் இணைக்கும் டெய்லர் சமன்பாடு கேட் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும். அதில் வரும் அடுக்கு எண் 0.25 என்றால், வேகத்தை இரட்டிப்பாக்கும்போது டூலின் ஆயுள் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதை என் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், மறுவாரம் மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. சைக்கிள் டைமை (ஒரு பாகம் செய்ய ஆகும் நேரத்தை) குறைக்கச் சொல்லி மேலே இருந்து நெருக்கும்போது ஸ்பீடைக் கொஞ்சம் ஏற்றினால் இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவர் நீங்கள். டிராயிங்கில் 50 எச்7/ஜி6 (50 மி.மீ. அளவு, துளைக்கு எச்7, ஷாஃப்டுக்கு ஜி6) என்று இருந்தால், ஷாஃப்ட் துளைக்குள் லேசாக ஓடும், இறுகாது என்று உங்கள் கைக்கே தெரியும். ஏன் என்று ஒரு முறை படித்தால் போதும்: எச் துளையின் கீழ் எல்லை சரியாக 50, ஜி ஷாஃப்டின் மேல் எல்லையே 50-க்குக் கீழே.

அதனால் கோச்சிங் அட்டவணைப்படி முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். உற்பத்தித் தொழில்நுட்பமும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கும்தான் உங்களுக்கு முதல் பாடம். ஸ்டோர்ஸில் நடப்பதையே அங்கே கேட்கிறார்கள். ஒரு பொருளின் வருடத் தேவை 10,000. ஒரு ஆர்டர் போட 200 ரூபாய். ஒன்றை வருடம் முழுக்க வைத்திருக்க 4 ரூபாய். ஒரு தடவைக்கு எத்தனை வாங்கினால் செலவு குறைவு? 2, 10,000, 200 மூன்றையும் பெருக்கி, 4-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 1,000. அவ்வளவுதான்.

அப்புறம் மொத்தம் 100 மதிப்பெண்ணில் பொதுத் திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்குச் சுமார் 13. கோச்சிங் நண்பர்கள் 'அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கலாம்' என்பார்கள். நீங்கள் அப்படி விடாதீர்கள்.

இனி தூக்கம். எல்லா வாரத்துக்கும் ஒரே டைம்டேபிள் போட்டால் அது சுவரில்தான் தொங்கும். மதியம் போய் இரவு பத்துக்கு முடியும் இரண்டாம் ஷிஃப்ட் வாரம்தான் உங்களுக்குப் பொன்னான வாரம். காலையில் தூங்கி எழுந்த தெளிவான தலை, கம்பெனி பஸ் வரும்வரை மேஜையும் நாற்காலியும் உங்களுடையது. தெர்மோடைனமிக்ஸ், பொருள் வலிமை மாதிரிக் கனமான பாடங்களை அந்த வாரத்துக்கு ஒதுக்குங்கள். காலை ஷிஃப்ட் வாரத்தில் சாப்பிட்டுக் கொஞ்சம் தூங்கி எழுந்த பிறகே உட்காருங்கள். வந்த கையோடு உட்கார்வதால்தான் தூக்கம் சொக்குகிறது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் புதுப் பாடம் எதையும் தொட வேண்டாம். ஏற்கெனவே போட்ட கணக்குகளில் தப்பானவற்றை மறுபடி போட்டுப் பாருங்கள், அது போதும்.

பஸ்ஸில் போனில் வீடியோ பார்ப்பதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று கோபமாகவே சொல்கிறேன். என்.பி.டி.இ.எல். இணைய வீடியோ வகுப்புகள் அருமையானவை, இலவசம். ஆனால் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு, அது ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ளப் போய்ப் பார்ப்பது வேறு. படப்பையிலிருந்து ஒரகடம் வரை அரைத்தூக்கத்தில் பார்த்துவிட்டு 'இன்றைக்குப் படித்தாச்சு' என்று மனசைத் தேற்றிக்கொள்வது வேறு. பேனா பேப்பரில் ஓடாத மணிநேரத்தைக் கணக்கில் எழுதாதீர்கள். பழைய வினாத்தாள்கள் கேட் இணையதளத்திலேயே கிடைக்கும். வார விடுமுறையில் ஒன்றை மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் போட்டுப் பாருங்கள். அதையும் தேர்வு நேரத்திலேயே செய்யுங்கள்: காலை ஒன்பதரை, அல்லது மதியம் இரண்டரை.

கேள்வி: ஆறு வருட அனுபவம், வயது 29, வீட்டுக் கடன் ஓடுகிறது. கடைசி மூன்று மாதம் வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக கேட் படிக்கலாமா? மனைவி வேண்டாம் என்கிறார்.
— வாசகர், ஓசூர்

பதில்: மனைவி சொல்வதைக் கேளுங்கள். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இந்தப் பிப்ரவரியோடு உலகம் முடிந்துவிடாது. (பொதுத்துறை நிறுவன வேலை என்றால் கதை வேறு, அங்கே பெரும்பாலும் அந்த ஆண்டின் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள்.)

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. எம்.டெக். படிக்கும்போது கிடைக்கும் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். உங்கள் இ.எம்.ஐ. எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதி மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். படிப்பு முடிய இரண்டு வருடம். நிறுவனமே அனுப்பிவைக்கும் 'ஸ்பான்சர்டு' பிரிவு பல கல்வி நிறுவனங்களில் உண்டு. உங்கள் மனிதவளத் துறையில் விசாரித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இடம் கிடைத்தால்கூட ராஜினாமாவில் ஒரு சிக்கல் வரும். ரிசல்ட் மார்ச்சில் வரும், ஐ.ஐ.டி. இடங்கள் மே மாதத்திலிருந்து சுற்றுச் சுற்றாகக் கொடுக்கப்படும், வகுப்பு ஜூலை கடைசி வாக்கில் தொடங்கும். மூன்று மாத நோட்டீஸ் என்று வேலை நியமன ஆர்டரில் எழுதியிருந்தால் இந்த இடைவெளி போதாது. அந்தக் காகிதத்தை இன்றைக்கே எடுத்துப் படித்துவிடுங்கள்.

கேள்வி: என் மகள் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே கேட் படிக்கிறாள். இரவு ஒரு மணி வரை விளக்கு எரிகிறது. சமையலறைப் பக்கமே வருவதில்லை. நல்ல வரன்கள் வருகின்றன, பேச்சை எடுத்தாலே எரிந்து விழுகிறாள். என்ன செய்வது?
— ஒரு தாய், கோவை

பதில்: அம்மா, தேர்வு பிப்ரவரியில். வரன் பேச்சை மார்ச்சுக்குத் தள்ளிவையுங்கள், ரிசல்ட் வந்த பிறகு அவளிடமே கேட்டுக்கொள்ளலாம். அதுவரை சமையலறை உங்களோடும் அவள் அப்பாவோடும் நடக்கட்டும். ஒரு மணி விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகிறவள் பதினொன்றுக்காவது படுக்க வேண்டும். விளக்கை நீங்கள் அணைக்காதீர்கள், இந்தப் பக்கத்தை அவள் மேஜையில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: தேர்வுக்கு லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமா? தெரிந்தால் இன்கிரிமென்ட்டில் கை வைத்துவிடுவார்களோ என்று பயம்.
— வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. தேர்வு சனி, ஞாயிறுகளில்தான் நடக்கும். சனி வேலை நாள் என்றால் சொந்த வேலை என்று எழுதிக் கொடுங்கள், அது உண்மையும்தான். நுழைவுச் சீட்டு வந்ததும் முதலில் எந்த நாள், காலையா மாலையா என்று பாருங்கள். அதற்கு முந்தின இரவு நைட் ஷிஃப்ட் விழுந்திருந்தால் உடனே யாரோடாவது மாற்றிக்கொள்ளுங்கள். லீவை விட அதுதான் முக்கியம்.

கேள்வி: தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போடலாமா? கால்குலேட்டர் கொண்டு போகலாமா?
— வாசகர், இராணிப்பேட்டை

பதில்: நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி என்றால் யோசித்துப் போடுங்கள். ஒரு மதிப்பெண் கேள்வி தப்பானால் 1/3 மதிப்பெண் போகும், இரண்டு மதிப்பெண் கேள்வி தப்பானால் 2/3 மதிப்பெண். எண்ணாக விடை எழுதும் கேள்விக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள கேள்விக்கும் கழிவே இல்லை, அவற்றைக் காலியாக விடுவது வீண். ஆனால் பின்னதில் சரியானவை அத்தனையும் குறித்தால்தான் மதிப்பெண். பாதி சரிக்குப் பாதி கிடையாது.

உங்கள் கால்குலேட்டரை உள்ளே விட மாட்டார்கள். திரையிலேயே ஒன்று இருக்கும், ஒவ்வொரு எண்ணையும் மவுஸால் அழுத்த வேண்டும். எண் விடையையும் திரையில் உள்ள விசைகளில்தான் பதிய வேண்டும். கையில் கால்குலேட்டர் பழகியவருக்கு இது எரிச்சலாக இருக்கும். அதே மாதிரியான கால்குலேட்டர் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. இன்றிலிருந்தே எல்லாக் கணக்கையும் அதில் போடுங்கள். சைன், காஸ் அழுத்தும் முன் டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.