வாசகர் கேள்வி: பழைய காசுக்கு ஒரு வெப்சைட்

கேள்வி: பழைய நாணயம் சேகரிப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். ஒரே காசின் படமும் ஒரே கேள்வியும் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழில் ஒரு வெப்சைட் தொடங்கலாம் என்று நானும் நண்பர்களும் நினைக்கிறோம். ஃபேஸ்புக் குழுவே போதும் என்கிறார் ஒருவர். எங்கிருந்து தொடங்குவது, ஆள் எப்படிச் சேர்ப்பது?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஃபேஸ்புக் போதும் என்ற நண்பரிடம் ஃபேஸ்புக் மாதிரி கூகுள் நடத்திய ஆர்குட்டை ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2014 செப்டம்பரில் மூடினார்கள். யாகூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் போனது, அதில் வருடக்கணக்காகப் பேசிச் சேர்த்து வைத்திருந்த பொழுதுபோக்குக் குழுக்கள் எத்தனையோ. அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் வாட்ஸ்அப்பிலேயே போன வருடம் யாரோ அழகாக விளக்கிய ராஜராஜன் காசை இப்போது தேடி எடுங்கள் பார்ப்போம். அதனால் சொந்த டொமைன், அதாவது தளத்துக்கான முகவரி, வாங்கிவிடுங்கள், வருடத்துக்குப் பெரிய செலவில்லை.

ஆனால் எடுத்த எடுப்பில் உறுப்பினர் பதிவு, விவாதப் பகுதி என்றெல்லாம் வைக்காதீர்கள். புதிதாக வருகிறவர் எட்டிப் பார்த்து, யாருமே பேசவில்லை என்று தெரிந்தால் அத்தோடு சரி, மறுபடி வரமாட்டார். அரட்டை வாட்ஸ்அப்பிலேயே நடக்கட்டும். அங்கே தெளிவாகிற விஷயத்தை மட்டும் எழுதியவரின் அனுமதியோடு, அவர் பெயரும் போட்டு, ஒரு காசுக்கு ஒரு பக்கம் என்று தளத்தில் ஏற்றுங்கள். தளம் அமைக்க வேர்ட்பிரஸ் மென்பொருள் தாராளமாகப் போதும். அடுத்த முறை அதே கேள்வி வந்தால் பதில் எழுதாமல் லிங்க்கைப் போடுங்கள். உங்களுடைய முதல் விளம்பரம் அதுதான், காசும் செலவில்லை.

ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும்? 1957 நயா பைசாவையே எடுத்துக்கொள்வோம். வெண்கலம், எடை 1.5 கிராம், குறுக்களவு 16 மில்லிமீட்டர். 1957 ஏப்ரல் 1-ல் தசம நாணய முறை வந்து, ரூபாய்க்கு 64 பைசா என்றிருந்தது 100 ஆனபோது, பழைய பைசாவோடு குழம்பாமல் இருக்க ‘நயா’ சேர்த்தார்கள், 1964-ல் எடுத்துவிட்டார்கள். ஆண்டுக்குப் பக்கத்தில் குறி ஏதும் இல்லையென்றால் அடித்த நாணயச்சாலை கல்கத்தா, வைர வடிவம் இருந்தால் பம்பாய். இவ்வளவையும் எழுத்தாக எழுத வேண்டும், படத்துக்குள் பொறித்துவைத்தால் கூகுள் தேடலில் அது சரியாக வராது. பழைய பாமினி எழுத்துரு வேண்டவே வேண்டாம், எல்லாக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் அடியுங்கள். தலைப்பில் ‘காலத்தின் சுவடுகள்’ மாதிரி கவிதை எல்லாம் வைத்தால் யாரும் தேடி வரமாட்டார்கள், ‘1957 ஒரு நயா பைசா: எந்த நாணயச்சாலை?’ என்று நேராக வையுங்கள். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். ஜனங்கள் எந்தச் சொல்லைத் தேடி உங்களிடம் வருகிறார்கள் என்று அதில் தெரியும். அடுத்த பக்கம் எதைப் பற்றி என்பதை உங்கள் ஆசையைவிட அந்தப் பட்டியல் சரியாகச் சொல்லும்.

படத்தை ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கொஞ்சம் பக்கவாட்டில் ஒளி விழும்படி எடுங்கள். தேய்ந்த எழுத்துகூட எழும்பித் தெரியும். படம் பளிச்சென்று வரட்டும் என்று புளி போட்டுத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள், வயிறு எரிகிறது! பல வருடமாகக் காசின் மேல் படிந்த பாசிநிறம் போனால் விலையும் சேர்ந்து போகும். எடுத்த படத்தை உங்கள் ஹோஸ்டிங்கிலேயே, அதாவது தளத்துக்காக நீங்கள் வாடகைக்கு எடுத்த இடத்திலேயே, வையுங்கள். 2017-ல் ஃபோட்டோபக்கெட் என்ற படம் ஏற்றிவைக்கும் தளம் திடீரென்று, வெளித்தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் வருடம் 399 டாலர் கட்டு என்றது, உலகம் முழுக்கப் பொழுதுபோக்குத் தளங்களில் படம் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டமானது.

வெளியே ஆள் பிடிக்க, நாணயக் கண்காட்சிகள்தான் சரியான இடம். காசு வைக்கிற அட்டை உறையின் பின்னால் தளத்தின் கியூஆர் கோடை ஒட்டிக் கொடுங்கள். வீட்டுக்குப் போய் உறையைத் திருப்பிப் பார்ப்பார்கள். சம்பந்தமில்லாத குழுக்களில் எல்லாம் லிங்க்கைக் கொட்டினால் விரட்டத்தான் செய்வார்கள்.

கேள்வி: எங்கள் தளத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ‘டிராக்டர் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டு இருக்கு, எத்தனை லட்சம் கிடைக்கும்’ என்றுதான் கேட்கிறார்கள். வாங்க விற்க ஒரு பகுதி தொடங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த லட்சக் கதையை வைத்து ஏமாற்றுகிறவர்கள் முதலில் ‘கமிஷன், வரி’ என்று உங்கள் வாசகரிடம்தான் பணம் கறப்பார்கள். ரிசர்வ் வங்கியே தன் பெயரைச் சொல்லி இப்படி நடக்கிறது என்று 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. அந்தச் செய்தியை ஒரு தனிப் பக்கமாகப் போட்டு, கேட்கிற எல்லோருக்கும் அதையே அனுப்புங்கள்.

சட்டமும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள், தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வயலில் உழும்போது பானையோடு கிடைத்தது என்று ஒருவர் படம் அனுப்பினால் ஆர்வத்தில் உடனே ஏற்றிவிடாதீர்கள், 1878 புதையல் சட்டத்தின்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பலருக்கு நிஜமாகவே தெரியாது.

கேள்வி: விளம்பரம் போட்டால் இதில் சம்பாதிக்கலாமா சார்?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ஹோஸ்டிங் செலவுக்கு வந்தால் சந்தோஷம். அதற்கு மேல் எதிர்பார்த்து வேலையை விட்டுவிடாதீர்கள். அப்புறம், ‘பழைய காசுக்குக் கோடி ரூபாய்’ விளம்பரங்கள் தானாக வந்து உட்காரும், அதை மறக்காமல் பிளாக் செய்யுங்கள்.