மகன் கேட்கிறான், பிட்காயினில் போடட்டுமா?

கேள்வி: எனக்கு 66 வயது. நங்கநல்லூரில் தனியாக இருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த என் கணவர் இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். பிஎஃப் பென்ஷன் என்று ஏதோ சொற்பம் வருகிறது. 15 லட்சம் போஸ்ட் ஆபீஸில் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் இருக்கிறது. 20 லட்ச ரூபாய் வங்கி எஃப்டி அடுத்த மாதம் முதிர்கிறது. சோழிங்கநல்லூரில் ஐடி வேலையில் இருக்கும் என் மகன், அதில் 10 லட்சத்தை பிட்காயின் என்கிற டிஜிட்டல் காசில் போடலாம் என்கிறான். “எஃப்டி எஃப்டின்னே இருந்துட்டீங்கம்மா, விலைவாசி அதைத் தின்னுடுச்சு” என்கிறான். பார்க்கில் நடக்க வரும் தோழி ஒருத்தியும், வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து மூன்றே மாதத்தில் பணம் இரட்டிப்பானதாகப் போனில் காட்டுகிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுத்தால் பையன் மனம் கோணுமே என்றும் இருக்கிறது. நான்தான் காலத்துக்கு ஒவ்வாதவளா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பிள்ளைக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். விலைவாசி பற்றி அவர் சொல்வது சரி. உங்கள் பழைய மளிகை நோட்டைப் புரட்டினாலே தெரியும், வட்டி நடந்து வருகிறது, விலை ஓடுகிறது.

ஆனால் ‘காலத்துக்கு ஒவ்வாதவள்’ என்ற பேச்சு வேண்டாம். இந்த ஊர்ப் பெரியவர்களின் பயத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது. 1906 அக்டோபரில் மெட்ராஸில் அர்பத்நாட் வங்கி திவாலானது. வெள்ளைக்காரன் கம்பெனி, கல்லு மாதிரி என்று நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்த அடியில் பிறந்ததுதான் மறுவருடம் 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கி.

அவ்வளவு தூரம் போவானேன், என் அத்தை கதையே இருக்கிறது. தொண்ணூறுகளில் தி.நகரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. பெயர் வேண்டாம். வருடத்துக்கு 24 சதவீத வட்டி. அத்தை வளையலை விற்றுப் போட்டாள். ரசீதில் மேலே லட்சுமி படம், கீழே ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்காக ஒரு கையெழுத்து. ஒரு நாள் ஷட்டரை இறக்கினவன் ஏற்றவே இல்லை. அப்படிப் பல கம்பெனிகள் கவிழ்ந்த பிறகுதான் 1997இல் முதலீட்டாளர் நலன் காக்க தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அத்தை கடைசிவரை அந்த ரசீதுகளை மஞ்சப்பையில் சுருட்டி பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். தூக்கிப் போடச் சொன்னால், “இருக்கட்டும்டா, எடத்தையா அடைக்குது” என்பாள்.

இதில் நான் கவனித்தது வேறொன்று. அத்தை வாழ்நாளில் ஷேர் மார்க்கெட் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அதெல்லாம் சூதாட்டம் என்பாள். அப்படிப்பட்டவள் 24 சதவீதத்தை எப்படி நம்பினாள்? பக்கத்து வீட்டு மாமா அந்தக் கம்பெனிக்கு ஏஜென்ட். தினமும் காபி குடிக்க வருகிறவர். நம் வயதுக்காரர்கள் ஜாக்கிரதையானவர்கள் என்பது பாதிதான் உண்மை. திட்டத்தைச் சந்தேகிப்போம், தெரிந்த முகத்தைச் சந்தேகிக்க மாட்டோம். உங்களுக்கு இப்போது இரண்டு தெரிந்த முகங்கள், ஒன்று பார்க்கில், ஒன்று பெற்ற பிள்ளை.

பார்க் தோழி விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். போனில் தெரிவது வெறும் எண்தான். பாதியையாவது வங்கிக் கணக்குக்கு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஐயாயிரம், பத்தாயிரம் எடுக்க முடிந்தது என்றால் அது கணக்கில் சேராது, தூண்டிலில் அவ்வளவு புழு வைப்பார்கள். பெரிய தொகை கேட்டதும் ‘முதலில் வரி கட்டுங்கள், அப்புறம் தருகிறோம்’ என்று பதில் வந்தால், ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் உடனே 1930க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாரோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு.

பிள்ளை விஷயம் அப்படியல்ல. அவர் உங்களை ஏமாற்றவில்லை, பிட்காயின் என்பது பொய்யும் இல்லை. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் சுமார் 69,000 டாலர். ஒரே வருடத்தில் அது 16,000 டாலருக்கு வந்தது. அன்று 10 லட்சம் போட்டவரிடம் இரண்டரை லட்சம்தான் மிச்சம். “அப்புறம் ஏறிடுச்சேம்மா” என்பார் பிள்ளை. ஏறியது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரையே தாண்டியது. மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவருக்கு லாபம். மாதாமாதம் சம்பளம் வருகிற அவரால் காத்திருக்க முடியும். உங்களுக்கு அந்த நடு வருடத்தில் முட்டி ஆபரேஷன் வந்தால் ஆஸ்பத்திரி பில் காத்திருக்குமா?

வரியும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் இருந்து கிரிப்டோ, அதாவது பிட்காயின் மாதிரியான டிஜிட்டல் காசு லாபத்துக்கு 30 சதவீதம், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. உங்கள் மற்ற வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் இது உண்டு. ஒரு காயினில் நஷ்டம், இன்னொன்றில் லாபம் என்றால் கழித்துக்கொள்ள முடியாது. வங்கி கவிழ்ந்தால் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, இதற்கு அதுவும் இல்லை. 2024 ஜூலையில் இந்தியாவின் பெரிய கிரிப்டோ சந்தை ஒன்றில் ஹேக்கர்கள் புகுந்து இரண்டாயிரம் கோடி ரூபாய் அளவுக்கு அள்ளிப்போனார்கள். போட்டவர்கள் மாதக்கணக்கில் எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

நான் உங்கள் பிள்ளையிடம் கேட்க நினைப்பது ஒன்றுதான்: கணக்கு யார் பெயரில்? உங்கள் பெயரில் என்றால் பாஸ்வேர்டும் ஓடிபியும் யார் போனில்? அவர் பெயரில், அவர் போனில் என்றால் அதை முதலீடு என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்கு 10 லட்சம் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். கொடுப்பதில் தப்பில்லை. திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டு கொடுப்பதில்தான் மனத்தாங்கல் ஆரம்பிக்கிறது. விலை பாதியான மாதத்தில் அவர் உங்களுக்குப் போன் செய்யத் தயங்குவார், நீங்களும் கேட்கத் தயங்குவீர்கள். இப்போது மறுத்தால் கோணும் மனம், அப்போது கோணுவதைவிடக் குறைவாகத்தான் கோணும்.

சரி, அந்த 20 லட்சத்தை என்ன செய்வது? சீனியர் சிட்டிசன் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். உங்களுக்கு இன்னும் 15 லட்சத்துக்கு இடம் இருக்கிறது. இப்போது 8.2 சதவீதம், போடும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. முழு 30 லட்சமும் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். பிள்ளை கேட்கும் 10 லட்சத்தை இந்தக் கணக்கில் பார்த்தால், மாதம் 6,800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். மளிகையோ, வேலைக்கார அம்மாவின் சம்பளமோ, மாத்திரையோ, அதைவைத்து நீங்களே அளந்து பாருங்கள். மீதி 5 லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும், அவசரத்துக்கு.

உங்களுக்கே ஆசை இருந்தால், போனாலும் சாப்பாட்டு மேஜையில் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய தொகை எதுவோ, அதை மட்டும் பிள்ளையிடம் கொடுங்கள். முழுக் காயின் வாங்கத் தேவையில்லை, ஐயாயிரத்துக்கும் துளியாக வாங்கலாம். பேரன் பேத்தியோடு பேச ஒரு விஷயம் ஆச்சு.

எஃப்டி தானாகப் புதுப்பிக்கும்படி போட்டிருந்தால் முதிரும் முன்பே வங்கியில் சொல்லி நிறுத்துங்கள். போஸ்ட் ஆபீஸுக்கு பான், ஆதார் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ, கூடவே வட்டியில் வரி பிடிக்காமலிருக்கக் கொடுக்கும் படிவம். ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளையையே வண்டியில் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நாமினி கட்டத்தில் அவர் பெயரை அவர் முன்னாலேயே எழுதுங்கள்.