டனீடினில் அரை நாள்: குடியேறியவர்களின் அருங்காட்சியகத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: மகன் நியூசிலாந்தில் டனீடின் நகரத்தில் வேலை பார்க்கிறான். ஜனவரியில் நானும் கணவரும் அங்கே போகிறோம். குடியேறியவர்களுக்கென்று ஒரு மியூசியம் இருக்கிறது, அவசியம் பாருங்கள் என்கிறான். வெள்ளைக்காரர்களின் பழைய சாமான்களைப் பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது என்று கணவர் கேட்கிறார். 9 வயதுப் பேத்தியும் கூட வருவாள். எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? எங்கே தொடங்கலாம்?
— வாசகி, ஈரோடு

பதில்: கட்டாயம் போய் வாருங்கள். காலையில் போனால் இரண்டரை மணி நேரம் போதும். அதற்கு மேல் நின்றால் கால்தான் வலிக்கும், மனதில் எதுவும் ஏறாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஊரில் ஒட்டாகோ மியூசியம் என்று இன்னொன்று உண்டு. அது பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், கிரேட் கிங் தெருவில் இருக்கிறது. அழிந்துபோன மோவா பறவையின் எலும்புக்கூடுகள் அங்கேதான். உங்கள் மகன் சொல்வது 'தொய்தூ ஒட்டாகோ செட்லர்ஸ் மியூசியம்'. குயின்ஸ் கார்டன்ஸ் பக்கம், ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. டாக்சிக்காரரிடம் 'தொய்தூ' என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

வாசலை நெருங்கும்போதே கண்ணாடிக்குப் பின்னால் ஜோசஃபின் என்ற நீராவி எஞ்சின் தெரியும். 1872-ல் இங்கிலாந்தில் செய்து கொண்டுவந்தது. நடுவில் ஓட்டுநர் நிற்க, முன்னும் பின்னும் ஒவ்வொரு புகைபோக்கி. எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பேத்தி கேட்பாள். இரண்டும்தான்! அவளை அங்கே நிதானமாகப் பார்க்க விடுங்கள். அப்புறம் உள்ளே வந்ததும் நேராக முகங்களின் கூடத்துக்குப் போங்கள்.

சுவர் முழுக்க ஆரம்பகாலக் குடியேறிகளின் படங்கள் வரிசை வரிசையாக மாட்டியிருக்கும் கூடம் அது. பெயர்ப் பலகைகளை எல்லாம் படிக்க வேண்டாம். நடுவில் நின்று ஒரு சுற்று பாருங்கள். இந்தப் படங்கள் இங்கே வந்த கதையைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்த ஃப்ரீ சர்ச்சின் திட்டப்படி, ஜான் விக்லிஃப், ஃபிலிப் லேயிங் என்று இரண்டு கப்பல்கள் 1848-ல் இந்தக் கரைக்கு வந்தன. டனீடின் என்பதே ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவுக்கு அந்நாட்டின் பழைய மொழியான கேலிக்கில் உள்ள பெயர்தான். ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 1898-ல், அந்தக் குடியேறிகள் அமைத்த சங்கம்தான் இந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. அதாவது, படம் எடுத்துக்கொள்ள வசதியும், அதைப் பத்திரப்படுத்திச் சங்கத்துக்குக் கொடுக்கப் பிள்ளைகளும் வாய்த்தவர்களே அப்போது சுவரில் ஏறினார்கள். இத்தகைய அருங்காட்சியகம் எதற்குப் போனாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, 'இதைக் கொடுத்தது யார்?' என்பதுதான். அந்தக் கேள்வியோடு மற்ற கூடங்களுக்குப் போங்கள்.

கப்பல் பகுதியில் பேத்திக்கு நேரம் கொடுங்கள். கீழ்த்தட்டுப் பயணிகளின் அறையை அப்படியே அமைத்திருக்கிறார்கள். ஜான் விக்லிஃப் 1847 நவம்பரில் கிளம்பி மார்ச் 23 அன்று வந்து சேர்ந்தது. நான்கு மாதம்! அந்தப் படுக்கைகளின் அகலத்தைப் பார்த்தபின் இந்த நான்கு மாதத்தை அவளிடம் சொல்லுங்கள்.

சரி, கப்பல் வந்த கரை யாருடையது? நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளுடையது. 1844-ல் அவர்களில் ஒரு குலமான கை தாஹு மக்களிடமிருந்து சுமார் 4 லட்சம் ஏக்கர் 2,400 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஒன்றரைப் பென்னி கூட வராது. தென் தீவு நில விற்பனைகளில் நடந்த அநியாயங்களுக்காக அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடி, 1998-ல்தான் சட்டப்படி ஒரு தீர்வு வந்தது. தொய்தூ என்பதும் அவர்கள் சொல்தான். மாவோரிகள் படகுகளைக் கட்டி நிறுத்திய கரையில் வந்து சேர்ந்த ஓடையின் பெயர். இன்று அந்த ஓடை தெருக்களுக்கு அடியில் குழாய்க்குள் ஓடுகிறது. 2012-ல் புதுப்பித்துத் திறந்தபோது அந்தப் பெயரை முன்னால் சேர்த்தார்கள். அது எனக்கு மிகச் சரியாகப்பட்டது.

உங்கள் கணவரை நிற்க வைக்கப்போவது சீனர்களின் கதை என்று நினைக்கிறேன். 1861-ல் கேப்ரியல் ரீட் என்பவர் உள்நாட்டில் தங்கம் கண்டுபிடித்தார். கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள், சில வருடங்களில் தங்கம் கிடைக்கும் வேறு இடங்களைத் தேடிப் போய்விட்டார்கள். காலியான சுரங்கங்களில் வேலை செய்ய 1865-ல் டனீடின் வர்த்தக சபையே சீனர்களை அழைத்தது. அப்படி அழைத்த சீனர்கள்மேலேயே 1881-ல் தலைக்கு 10 பவுண்டு நுழைவு வரி போட்டார்கள். 1896-ல் அது 100 பவுண்டு ஆனது. 1944-ல்தான் சட்டத்திலிருந்து நீங்கியது. அரசு மன்னிப்புக் கேட்டது 2002-ல். வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். படம் கொடுக்க அவர்களுக்கு அங்கே பிள்ளைகள் இல்லை. இறந்த 499 பேரின் எச்சங்களைச் சொந்த ஊருக்கு அனுப்பி வைத்த வென்ட்னர் என்ற கப்பலும் 1902-ல் வடக்கே கடலில் மூழ்கிவிட்டது. இதை முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நமக்கு என்ன என்று கேட்டாரே, உங்கள் மகனும் அந்த ஊரில் குடியேறியவர்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். அங்கே இறங்கிய நாளின் விமான டிக்கெட், முதல் வாடகை ஒப்பந்தம், ஈரோட்டிலிருந்து தூக்கிப்போன இட்லித் தட்டு இதெல்லாம் வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம் என்றும் மகனிடம் சொல்லி வையுங்கள்.

ரயில், பஸ், பழைய டிராம் உள்ள பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம், பேத்தி இழுத்தால் ஒழிய. வெளியே வந்ததும் பக்கத்திலேயே லான் யுவான் சீனத் தோட்டம். ஷாங்காயில் செய்து, கப்பலில் கொண்டுவந்து, இங்கே கைவினைஞர்கள் பொருத்தி 2008-ல் திறந்தது. சீனர் கதையைப் பார்த்த கையோடு அங்கே போய் உட்காருவது நல்லது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. திறக்கும் நேரத்தையும் கட்டணத்தையும் முந்தின நாள் இரண்டு இடங்களின் இணையதளத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி அங்கே கோடை என்றாலும் கடற்காற்று சில்லென்று வீசும். ஆளுக்கொரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். திரும்பும் வழியில் ரயில் நிலையத்துக்குள் நுழைந்து, தரையில் ஓடுகளால் பதித்த எஞ்சின் படங்களைப் பேத்திக்குக் காட்டுங்கள். 1906-ல் திறந்த கட்டடம் அது.