கீழே கடை, மேலே வீடு: தண்ணீர்க் கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு நகரங்களில் பழைய கடைகளை இடித்து மேலே வீடு வைத்துக் கட்டுகிறவர்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, கூரை 1500 சதுர அடி. எவ்வளவு பெரிய மழைநீர்த் தாங்கி வேணும்?

1500 சதுர அடி ஏறத்தாழ 140 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 140 லீற்றர் விழும். மாரியில் ஓரிரவில் 50 மி.மீ. பெய்தால் 7000 லீற்றர், சிந்தினதும் ஆவியானதும் போக 5500 என்றாலும் தேறும். அதனால் 5000 லீற்றர்த் தாங்கி கார்த்திகையில் ஒரே இரவில் நிரம்பிவிடும், ஆனால் நிரம்புவது பெரிய விசயமில்லை, ஆடி ஆவணி வரைக்கும் அது நிற்குமா என்பதுதான் விசயம். மலசலகூடத்துக்கும் உடுப்புத் துவைக்கவும் திறந்துவிட்டால் ஒரு கிழமைகூட வராது. குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்கு 10 லீற்றர் என்று வைத்தால் ஆறு பேருக்கு 80 நாளுக்கு மேல் வரும். கோடை முழுக்க வேண்டுமென்றால் 10,000, 15,000 என்று போங்கள், மற்றதெல்லாம் கிணற்று நீர். முதல் மழை கூரைத் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும், அதைப் பிடிக்கப் பீலிக்கும் தாங்கிக்கும் நடுவில் 200 லீற்றர்ப் பீப்பா ஒன்று போதும்.

குழாய் நீர் வந்தால் இதெல்லாம் எதற்கு?

குழாயில் வருவதும் பெரும்பாலும் எங்கேயோ ஒரு குளத்து நீர்தானே, தம்பி. கிளிநொச்சியின் இரணைமடுவை எடுங்கள், அது வயலுக்கென்று கட்டின குளம். யாழ்ப்பாணத்துக்கு அதிலிருந்து குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தை விவசாயிகள் எதிர்த்தது நினைவிருக்கும்தானே. மழை பொய்த்த வருசம் வயலா குடிநீரா என்ற சண்டை வரத்தான் போகிறது. மற்றது, 2007 நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத் திருத்தம் மழைநீர் சேகரிப்பைக் கட்டட விதிக்குள் கொண்டுவந்துவிட்டது. வரைபடம் கீறும்போதே பீலியையும் தாங்கியையும் சேர்த்துவிடுங்கள்.

பக்கத்துக் கடைக்காரர் மண் போட்டு நிலத்தை உயர்த்திவிட்டார், வெள்ளம் எங்கள் வாசலுக்கு வருது. நாங்களும் உயர்த்தலாமா?

உயர்த்தினால் அடுத்த வீட்டுக்குப் போகும், அவர் உயர்த்துவார், கடைசியில் முழுத் தெருவும் மேட்டில், நடு றோட்டில் குளம். 2018 மார்கழி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியே பல இடங்களில் ஒரு அணை போலத்தான் நிற்கிறது, அதற்குக் கீழுள்ள மதகு அடைபட்டால் நீருக்கு வேறு வழி இல்லை. காணிக்குப் பின்னால் பழைய வாய்க்கால் எது என்று முதலில் பெரியவர்களிடம் கேளுங்கள். அதற்கு மேல் சுவர் எழுந்திருந்தால் எல்லோரும் சேர்ந்து பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ போவதைத் தவிர வழியில்லை. தனியே போனால் உங்கள் முறைப்பாடு ஏதோ ஒரு கோவைக்குள் போய்க் கிடக்கும்.

கடைக்குப் பின்னால் கிணறு, பக்கத்தில் மலக்குழி. ஆபத்தா?

ஆபத்து. குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும், சின்னக் காணியில் கிடைக்காது. மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது அடி திறந்த குழியும் கிணறும் நிலத்துக்கடியில் ஒன்றாகிவிடுகின்றன. அடி மூடின தாங்கியாகக் கட்டி, பவுசரால் அள்ளச் செய்யுங்கள். செலவுதான், அக்கா, இதில் மலிவான வழி ஒன்றும் எனக்குத் தெரியாது.

கீழே சாப்பாட்டுக்கடை. கழிவு நீரை வாழைக்கு விடலாமா?

குளிக்கிற, கை கழுவுகிற நீரை விடலாம். சமையலறை நீரை எண்ணெய் பிடிக்கிற தொட்டி வழியாக விட வேண்டும். அந்தத் தொட்டியைக் கிழமைக்கு ஒருக்கா யார் அள்ளுவது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு மேல்வீட்டுக்காரரும் கடைக்காரரும் முகம் பார்க்காமல் திரிய வேண்டி வரும்.