வெளியூரிலிருந்து வீட்டு டெஸ்க்டாப்பை இணையம் வழியாக இயக்க எந்தச் செயலி நல்லது?

செயலி எதுவானாலும் பரவாயில்லை. நீங்கள் ஊரில் இல்லாதபோது அந்தக் கணினி ஓடிக்கொண்டிருக்குமா என்பதை முதலில் பாருங்கள். "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்" என்று சிலர் வருவார்கள். வரட்டும்.

ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டாலி என்ற கணக்கு மென்பொருள், கடைக்காரர்களின் கோப்புகள் எல்லாம் முன்னறை டெஸ்க்டாப்பில்தான் இருக்கின்றன. "கிளவுடில் போட்டுவிடலாமே" என்பீர்கள். போடலாம், மாதா மாதம் பணம் கட்டுவது யார்? அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்காகச் சென்னையில் அக்கா வீட்டில் தங்க வேண்டியிருந்தது. அந்த வாரம்தான் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். கிளம்பும் முன் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்து கணினியை இயக்க கூகுள் தரும் செயலி) போட்டுப் பின் எண்ணும் வைத்துவிட்டுத்தான் வந்தேன். முதல் நாள் அருமையாக ஓடியது. மறுநாள் காலை பார்த்தால் 'ஆஃப்லைன்'. வீட்டில் அப்பா மட்டும்தான்.

"அப்பா, கம்ப்யூட்டர் ஓடுதுங்களா?"

"ராத்திரியே நிறுத்திட்டனே. ஆளில்லாத ரூம்புல எதுக்கு கண்ணு கரண்டு? அந்த யுபிஎஸ் வேற கீ கீன்னு கத்தீட்டே கெடந்துச்சு, அதையும் அமுத்தி வெச்சுட்டேன்."

அப்புறம் சுவிட்சைப் போடச் சொல்லி, பட்டனை அமுக்கச் சொல்லி, "லைட் எரியுது கண்ணு" என்று அவர் சொல்லி, அது மானிட்டர் லைட் என்று புரிந்து... காலைப் பொழுதே அதில் போனது. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். கரண்ட் பில் அவர்தான் கட்டுகிறார்.

இதற்கு ஒரு வழி உண்டு, யாரும் சொல்வதில்லை. பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையில், மின்சாரம் போய்த் திரும்பினால் கணினி என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும். 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பது போன்ற பெயரில் தேடுங்கள். அதை 'பவர் ஆன்' என்று வைத்தால், சுவரில் சுவிட்சும் யுபிஎஸ்ஸும் போட்டதுமே கணினி தானாக எழுந்துவிடும். அப்பாவிடம் பட்டன் பாடம் நடத்த வேண்டாம். விண்டோஸில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக்குங்கள். மானிட்டரை மட்டும் அணைத்து வையுங்கள், அதில் தவறில்லை. நெட்வொர்க் வழியாகச் சமிக்ஞை அனுப்பிக் கணினியை எழுப்பும் வேக்-ஆன்-லேன் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சமிக்ஞை வீட்டு நெட்வொர்க்குக்குள்தான் ஒழுங்காகப் போகும். வெளியூரிலிருந்து எழுப்ப, வீட்டுக்குள் எப்போதும் ஓடும் இன்னொரு சாதனம் வேண்டும்.

இனி செயலி. உங்களிடம் விண்டோஸ் ஹோம் இருந்தால் மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப்பை மறந்துவிடுங்கள். அதிலிருந்து வேறு கணினிக்குள் போகலாமே தவிர, அதற்குள் வேறு யாரும் வர முடியாது. அதற்கு புரோ வேண்டும். புரோ இருந்தாலும் ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் வரும் வாசலை, இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். யூடியூபில் இன்னமும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2019-இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுக்க வேண்டிவந்தது. தவிர, பல இணைப்புகளில் நமக்கென்று தனிப் பொது ஐபி கிடையாது. ரவுட்டர் காட்டும் வெளி முகவரி (WAN IP) 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் போர்ட் திறந்தும் பயனில்லை. உங்கள் சாதனங்களை மட்டும் இணையம் வழியே ஒரு தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டு அதன் வழியே ரிமோட் டெஸ்க்டாப் எடுங்கள், அல்லது என்னைப் போல குரோம்காரனோடு நின்றுகொள்ளுங்கள். அதே வகைச் செயலியான எனிடெஸ்க்கும் நல்லதுதான். ஆனால் யாராவது போன் செய்து அதைப் போடச் சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள்; 2019-லேயே ரிசர்வ் வங்கி இந்த மோசடியைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

கணக்குத் தொழில் செய்பவராக இருந்தால் இன்னொன்று. டிஎஸ்சி டோக்கனை (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி) வீட்டுக் கணினியில் செருகிவிட்டு மைக்ரோசாஃப்ட் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போனால், அந்த டோக்கன் அங்கே இருப்பதாகவே காட்டாது. திரையை அப்படியே காட்டும் குரோம், எனிடெஸ்க் வகையில் தெரியும். டோக்கனைச் செருகியபடி விட்டுப் போவது சரியா என்று சண்டைக்கு வராதீர்கள். என் வீட்டில் அப்பா காவல் இருக்கிறார்.

இவ்வளவு பாடுபட்டு உள்ளே போனால், 19-ஆம் தேதி இரவு பதினொன்றுக்கு ஒரு கடைக்காரர் பில்களை வாட்ஸப்பில் அனுப்புகிறார். பாதி தலைகீழ், ஒன்றில் அவர் கட்டைவிரல் ஜிஎஸ்டி எண்ணை மறைக்கிறது. கேட்டால், "நீங்கதான் எங்கிருந்தாலும் வேலை செய்யலாமே சார்" என்கிறார். ரிமோட் டெஸ்க்டாப் இருப்பதை எந்தக் கிளையண்டிடமும் சொல்லாதீர்கள்.